நெவாடாவில் பச்சைக்கல் கிளெய்ம் வாங்கப் போகிறீர்களா? காகிதங்களை இந்த வரிசையில் பாருங்கள்

வேரிசைட், பச்சை டர்காய்ஸ் மாதிரிக் கற்களைத் தாமே தோண்டி எடுத்துப் பட்டை தீட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டு, நெவாடா பாலைவனத்தில் சின்னதாக ஒரு கிளெய்ம் (அரசு நிலத்தில் கனிமம் எடுக்கும் உரிமை) வாங்கக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கல்லைப் பற்றிச் சொல்லித்தர நிறையப் பேர் கிடைப்பார்கள். எந்தக் காகிதத்தை எந்த அலுவலகத்தில் எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பதை மொத்தமாகச் சொல்லித்தர ஆள் கிடைப்பது கஷ்டம். நான் அதைத் துண்டு துண்டாகத்தான் சேர்த்தேன்: பாதி கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில், பாதி மத்திய அரசு அலுவலகத்தில், மீதி போனில் கெஞ்சிக் கேட்டு. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இங்கே சொல்லும் மத்திய அரசுக் கட்டணங்கள் 2024-இல் உயர்த்தப்பட்ட பிறகு உள்ளவை. அவ்வப்போது மாறும், அதனால் பணம் அனுப்புகிற அன்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. என்ன வாங்குகிறீர்கள் என்று முதலில் தெளிவாகுங்கள்

விளம்பரத்தில் "20 ஏக்கர் ரத்தினச் சுரங்கம்" என்று போட்டிருப்பார்கள். படித்தவுடன் 20 ஏக்கர் நிலம் நமக்கு வரப்போகிறது என்றுதான் தோன்றும். வராது. நெவாடாவில் சுமார் 80 சதவீத நிலம் மத்திய அரசுடையது, அதில் பெரும்பகுதியை பி.எல்.எம் என்ற மத்திய நில மேலாண்மை அலுவலகம் பார்த்துக்கொள்கிறது. விற்பனைக்கு வரும் சின்னக் கிளெய்ம்களில் பெரும்பாலானவை பேட்டன்ட் (நிலத்தையே தனியாருக்கு எழுதிக்கொடுக்கும் அரசுப் பட்டா) ஆகாதவை. நிலம் அரசிடமே இருக்கும். அதில் உள்ள கனிமத்தைத் தேடவும் எடுக்கவும் உள்ள உரிமை மட்டும்தான் கைமாறுகிறது.

பி.எல்.எம் ஒப்புதல் இல்லாமல் வீடு கட்ட முடியாது, வேலி போட முடியாது, "அனுமதியின்றி நுழையாதே" என்று பலகை வைத்து ஆட்களைத் தடுக்கவும் முடியாது. 1955-க்குப் பிறகு பதிவான கிளெய்ம்களில் மேற்பரப்பை வேட்டைக்காரர்கள், முகாம் போடுகிறவர்கள், மாடு மேய்க்கிறவர்கள் எல்லாரும் பயன்படுத்தலாம். ஆனால் அவர்கள் உங்கள் கல்லை எடுக்கக் கூடாது.

பேட்டன்ட் ஆன சுரங்கம் என்பது வேறு சமாச்சாரம். அது உண்மையான தனியார் நிலம், சொத்துவரி உண்டு, விலையும் அதற்கேற்ப இருக்கும். "இப்போது கிளெய்மாக வாங்குங்கள், பிறகு பேட்டன்ட் வாங்கிச் சொந்த நிலமாக்கிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். 1994 முதல் புதிய பேட்டன்ட் விண்ணப்பங்களை ஏற்பதற்குத் தடை இருக்கிறது.

கிளெய்மில் இரண்டு வகை. பாறைக்குள் நரம்பு போல ஓடும் கனிமத்துக்கு லோட் கிளெய்ம், அரித்து வந்து மண்ணிலும் சரளையிலும் சிதறிக் கிடப்பதற்குப் பிளேசர் கிளெய்ம். லோட் கிளெய்ம் அதிகபட்சம் 1500 அடி நீளம், 600 அடி அகலம், அதாவது 20.66 ஏக்கர். பச்சை டர்காய்ஸும் வேரிசைட்டும் பாறை இடுக்குகளில் நரம்பாக ஓடுபவை, ஆகவே லோட் தான் பொருத்தம். நரம்புக்கல்லை பிளேசர் என்று பதிந்து விற்கிறார்கள் என்றால் கவனம்: பதிவு இருக்கும், ஆனால் நீங்கள் தேடுகிற அந்த நரம்பின் மேல் உரிமை சந்தேகத்துக்குரியதாகிவிடும்.

2. உங்களுக்குத் தகுதி இருக்கிறதா?

இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஆட்களில் பலர் இதைத் தாண்டிப் போய் விலை பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அமெரிக்கக் குடிமக்கள், குடியுரிமைக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்ட சட்டபூர்வக் குடியேறிகள், அமெரிக்க மாநிலம் ஒன்றின் சட்டப்படி பதிவான நிறுவனங்கள் ஆகியவர்களுக்குத்தான் கிளெய்ம் பதியும் தகுதி. கிரீன் கார்டு மட்டும் கையில் இருந்தால் போதாது. வாங்குகிறவருக்கும் இதே தகுதி வேண்டும் என்று வைத்துக்கொண்டு நடப்பதுதான் பாதுகாப்பு.

எல்.எல்.சி என்ற வகை நிறுவனம் தொடங்கி அதன் பெயரில் வாங்கலாம் என்று விற்கிறவரே யோசனை சொல்வார். வழி உண்டு, செலவும் உண்டு: நெவாடாவில் எல்.எல்.சி தொடங்க மாநிலக் கட்டணம் மட்டும் 425 டாலர், அப்புறம் ஆண்டுதோறும் 350 டாலர். எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கம்பெனி உங்களுடையதாக இருக்கலாம், ஆனால் அதில் நீங்களே இறங்கி வேலை செய்வது விசா விதிகளை மீறுவதாக ஆகலாம். குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வாருங்கள். அந்த ஒரு மணி நேரக் கட்டணம் கண்டிப்பாக வீண் போகாது.

3. எந்தப் பச்சை என்று தெரிந்துகொள்ளுங்கள்

"பச்சைக்கல்" என்று பொதுவாக விற்பார்கள். நெவாடாவில் அது பல பொருளாக இருக்கலாம்.

பச்சை டர்காய்ஸ்: செம்பும் அலுமினியமும் சேர்ந்த பாஸ்பேட். இரும்பு கூடக்கூட நீலம் பச்சைக்குத் திரும்பும். நல்ல கல்லின் கடினம், பத்து வரை போகும் மோஸ் அளவில், 5 முதல் 6 வரை. செம்புக்குப் பதிலாகத் துத்தநாகம் மிகுந்து வந்தால் அது ஃபாஸ்டைட், எலுமிச்சைப் பச்சை நிறம். சேகரிப்பாளர்கள் இதைத் தேடி வாங்குவார்கள். வேரிசைட்டில் செம்பே கிடையாது, அது அலுமினியப் பாஸ்பேட். பச்சை நிறம் குரோமியம், வனேடியம் இவற்றால் வருகிறது. கடினம் சுமார் 4 தான், கத்தி முனையால் கீறினால் கோடு விழும். கிரிசோகொல்லா இன்னும் மென்மை. பச்சை ஜாஸ்பரும் கால்சிடனியும் கடினம் 7-க்கு அருகில், கத்தி ஒன்றும் செய்யாது.

இந்த வித்தியாசம் பணத்தில் தெரியும். கெட்டியான, மெருகு ஏறும் டர்காய்ஸுக்கு ஒரு விலை. சுண்ணாம்பு போல உதிரும் கல்லைப் பிசின் ஏற்றி உறுதிப்படுத்தித்தான் விற்க முடியும், அதற்கு வேறு விலை. பாறையில் இருப்பவற்றில் பெரும்பகுதி அந்த இரண்டாம் வகைதான். விற்கிறவர் காட்டும் கல் எப்போதும் முதல் வகையாகத்தான் இருக்கும்.

ஈரமாக வைத்துக் காட்டப்படும் கல்லைக் காய விட்டுப் பாருங்கள். நுண்துளை உள்ள கல் நனைந்தால் அடர்ந்த பச்சையாகத் தெரியும், காய்ந்தால் வெளிறிவிடும். நாக்கில் வைத்தால் ஒட்டுகிறது என்றால் துளை அதிகம். களத்தில் இருக்கிறவர்கள் எல்லாரும் செய்கிற சோதனைதான் இது, கூச்சப்பட வேண்டாம்.

4. பி.எல்.எம் பதிவேட்டில் தேடுங்கள்

விற்கிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது கல்லின் படத்தை அல்ல, வரிசை எண்ணை. ஒவ்வொரு கிளெய்முக்கும் பி.எல்.எம் ஒரு எண் தந்திருக்கும். பழைய காகிதங்களில் நெவாடா எண்கள் 'என்.எம்.சி' என்று தொடங்கும், இப்போதைய எம்.எல்.ஆர்.எஸ் என்ற இணையப் பதிவேட்டில் 'என்.வி' என்று தொடங்கும். பழைய எண்ணைக் கொடுத்தாலும் தேடி எடுக்கலாம். எண் தர மறுத்தால் விஷயம் முடிந்தது, அடுத்த ஆளைப் பாருங்கள்.

பதிவேட்டில் பார்க்க வேண்டியவை: கிளெய்ம் நடப்பில் இருக்கிறதா, மூடப்பட்டதா, யார் பெயரில் இருக்கிறது, கடைசியாக எந்த ஆண்டுக்குக் கட்டணம் கட்டினார்கள், அல்லது கட்டண விலக்கு (10-இல் சொல்கிறேன்) வாங்கினார்கள், இடக் குறிப்பு, அதாவது நில அளவைக் கட்டத்தைக் காட்டும் டவுன்ஷிப், ரேஞ்ச், செக்‌ஷன்.

எனக்கு ஒரு விற்பனையாளர் ரசீது அனுப்பினார், பார்க்க ஒழுங்காகவே இருந்தது. பதிவேட்டில் போட்டுப் பார்த்தால் ரசீது முந்தைய ஆண்டுக்கு, கிளெய்ம் மூடப்பட்டுவிட்டது. மூடப்பட்ட கிளெய்மில் விற்க ஒன்றுமே இல்லை. ஒரு கட்டணம் தவறினால் உரிமை தானாகவே போய்விடுகிறது, நோட்டீஸ், கெடு என்று எதுவும் வர வேண்டியதில்லை.

இன்னொரு கண்ணி: ஆண்டுக் கட்டணத்தின் கெடுவான செப்டம்பர் 1-க்குப் பிறகு பதிவேடு புதுப்பிக்கப்படப் பல வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் செத்துப்போன கிளெய்மும் நடப்பில் உள்ளதாகவே திரையில் தெரியும். செப்டம்பர், அக்டோபரில் வாங்குகிறீர்கள் என்றால் திரையை நம்பாமல் அந்த ஆண்டுக்கான பி.எல்.எம் ரசீதைக் கேட்டு, ரீனோவில் உள்ள மாநில அலுவலகத்துக்குப் போன் செய்து உறுதி செய்யுங்கள். அங்கே பொறுமையாகவே பதில் சொல்கிறார்கள்.

5. கவுண்டி ரெக்கார்டரிடம் சங்கிலியைப் பாருங்கள்

பி.எல்.எம் பதிவில் பெயர் இருப்பதால் மட்டும் அவர் உரிமையாளர் என்று ஆகிவிடாது. இதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். பி.எல்.எம் பதிவு செய்கிறது, அவ்வளவுதான். யாருக்கு முன்னுரிமை, யார் யாருக்கு விற்றார்கள் என்ற தகராறுகளை அது தீர்ப்பதில்லை. ஒரே இடத்தின் மேல் இரண்டு பேர் கிளெய்ம் போட்டாலும் இரண்டையும் வாங்கி வைத்துக்கொள்ளும்.

யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்ற உரிமைச் சங்கிலி, கவுண்டியின் பத்திரப் பதிவாளரான ரெக்கார்டரின் அலுவலகத்தில் இருக்கிறது. டோனோபா பக்கம் என்றால் நை கவுண்டி, கோல்ட்ஃபீல்டில் எஸ்மரால்டா, ஹாதோர்னில் மினரல், பேட்டில் மவுன்டனில் லேண்டர், யுரீகா ஊரில் யுரீகா கவுண்டி. பச்சைக்கல் தேடுகிறவர்களின் காகிதம் பெரும்பாலும் இந்த ஐந்தில் ஒன்றில்தான் கிடக்கும். அங்கே மூன்றைக் கேளுங்கள்: இந்த இடத்தில் கிளெய்ம் போட்டோம் என்று முதன்முதலில் பதிந்த லொகேஷன் சான்றிதழும் வரைபடமும், அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொரு கைமாற்றத்தின் டீட் (கைமாற்றுப் பத்திரம்), ஆண்டுதோறும் பதிய வேண்டிய அஃபிடவிட்டுகள் (உறுதிமொழிப் பத்திரங்கள்). நடுவில் ஒரு டீட் இல்லையென்றாலும் சங்கிலி அறுந்துவிட்டது. இரண்டு பேர் சேர்ந்து பதிந்த கிளெய்மை ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்பது அடிக்கடி நடக்கிறது. அப்படியானால் உங்களுக்குக் கிடைப்பது அவருடைய பங்கு மட்டும்தான்.

6. நிலம் யாருடையது, மேலே வேறு யாராவது இருக்கிறார்களா?

நெவாடாவின் வடபகுதியில், ரயில் பாதையை ஒட்டி, ஒரு சதுர மைல் அரசு நிலம், அடுத்த சதுர மைல் தனியார் நிலம் என்று மாறிமாறி வரும். கிளெய்ம் ஐம்பது அடி நகர்ந்தாலே தனியார் நிலத்துக்குள் போய்விடலாம். பி.எல்.எம்மின் மாஸ்டர் டைட்டில் பிளாட் என்ற வரைபடத்தில் அந்த செக்‌ஷனை எடுத்துப் பாருங்கள். வனவிலங்குக் காப்பிடம், இயற்கையாகவே விட்டுவைக்கப்பட்ட வில்டர்னஸ் பகுதி, ராணுவப் பகுதி, பழங்குடி ஒதுக்கீட்டு நிலம் எல்லாம் தெரியும். சில இடங்களில் மேற்பரப்பு தனியாருக்கும் அடியில் உள்ள கனிமம் அரசுக்கும் இருக்கும். அங்கே நுழைவதற்கே தனி நடைமுறை உண்டு, புதியவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

அதே செக்‌ஷனில் நடப்பில் உள்ள மற்ற கிளெய்ம்களையும் எம்.எல்.ஆர்.எஸ்-இல் தேடி, அவற்றின் வரைபடங்களைக் கவுண்டியில் எடுத்து, உங்களுடையதோடு ஒப்பிடுங்கள். சலிப்பான வேலை. ஆனால் பெரிய தங்கக் கம்பெனிகள் ஒரு பள்ளத்தாக்கு முழுக்க நூற்றுக்கணக்கில் கிளெய்ம் போட்டு வைத்திருக்கும் மாநிலம் இது. அவர்களுடையது உங்களுடையதற்கு முன்னால் பதிந்தது என்றால் நீங்கள் வாங்கும் காகிதத்துக்கு மதிப்பு இல்லை.

7. நேரில் போகாமல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்

ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரையும், செப்டம்பர், அக்டோபரும் நல்ல காலம். பாலைவனம் என்றவுடன் வெயிலை மட்டும் நினைத்துக்கொள்கிறோம். மத்திய நெவாடா பெரும்பாலும் 5000 அடிக்கு மேல் இருக்கிறது, குளிர்காலத்தில் பனி மூடிவிடும், உருகும் சமயம் மண்சாலை சேறாகிச் சக்கரத்தை விடாது. தார்ச்சாலையை விட்டு இறங்கினால் போன் சிக்னலை மறந்துவிடுங்கள். இரண்டு உதிரி டயர், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு காலன் தண்ணீர் என்ற கணக்கில் தேவைக்கு மேல் தண்ணீர், இணையம் இல்லாமலே திறக்கும்படி இறக்கி வைத்த வரைபடம், நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று தெரிந்த ஒரு ஆள் ஊரில். இவை நான்கும் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

போனதும் முதல் வேலை மூலைக்கம்பங்களைத் தேடுவது. நெவாடாவில் கிளெய்ம் பதிகிறவர் லொகேஷன் நோட்டீஸ் ஒட்டிய கம்பத்தை நட்டு, 60 நாளுக்குள் எல்லா மூலைகளிலும் அடையாளம் வைக்க வேண்டும், 90 நாளுக்குள் கவுண்டியிலும் பி.எல்.எம்மிலும் பதிய வேண்டும். கம்பங்கள் காகிதத்தில் உள்ள வரைபடத்தோடு பொருந்துகிறதா என்று ஜி.பி.எஸ் வைத்து ஒவ்வொன்றாக நடந்து பாருங்கள். படத்தில் காட்டிய பச்சை நரம்பு கம்பங்களுக்கு வெளியே, பக்கத்துக் கிளெய்மில் இருப்பதுண்டு!

மூடியில்லாத வெள்ளை பிளாஸ்டிக் குழாய்களை மூலைக்கம்பமாக நட்டிருந்தால் அவற்றை மாற்றச் சொல்லுங்கள். சின்னப் பறவைகள் கூடு தேடிக் குழாய்க்குள் இறங்கி, ஏற முடியாமல் உள்ளேயே செத்துப்போகின்றன. இந்த மாநிலத்தில் அப்படி ஏராளமான பறவைகள் செத்திருக்கின்றன. உள்ளீடற்ற குழாய்கள் இப்போது சட்டப்படியான அடையாளமும் இல்லை, 2011 நவம்பருக்குப் பிறகு அவற்றை யார் வேண்டுமானாலும் பிடுங்கிக் கீழே போடலாம். உங்கள் எல்லையே காணாமல் போகும். மரக்கம்பமோ கல் குவியலோ போதும்.

அப்புறம் கல். தரையில் கிடக்கும் துண்டுகளை வைத்து முடிவு செய்யாதீர்கள், யாரும் கொண்டுவந்து போட்டிருக்கலாம். தாய்ப்பாறைக்குள் ஓடும் நரம்பை உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும், உங்கள் சுத்தியலால் உடைத்து எடுக்க வேண்டும், விற்பவர் காட்டும் இடத்திலும் அவர் காட்டாத இடத்திலும். எடுத்ததை வீட்டுக்குக் கொண்டுபோய் அறுத்து, மெருகேற்றிப் பார்த்த பிறகுதான் விலை. இதற்கு ஒப்புக்கொள்ளாத விற்பனையாளர் எனக்குத் தேவையில்லை, உங்களுக்கும் தேவையில்லை.

பழைய சுரங்கக் குழிகளுக்குள் இறங்கவே இறங்காதீர்கள். நெவாடா முழுக்கக் கைவிடப்பட்ட குழிகள் இருக்கின்றன. மரத்தாங்கிகள் உளுத்திருக்கும், உள்ளே காற்றில் ஆக்சிஜன் போதாமல் இருக்கலாம், பாம்பு இருக்கலாம். குழி வாயின் ஓரமே சரியும். கூடவே, பழங்குடி மக்கள் காலத்துத் தோண்டல்கள், கல் கருவிகள், பழைய முகாம்களின் மிச்சங்கள் கண்ணில் பட்டால் தொடாமல் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றை எடுப்பது மத்தியச் சட்டப்படி குற்றம், உங்கள் கிளெய்முக்குள் இருந்தாலும் சரி.

கடைசியாக, எந்திரம் வைத்துப் பறித்த பெரிய பள்ளங்கள் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், அதற்கு பி.எல்.எம்மிடம் நோட்டீஸோ திட்டமோ கொடுத்திருக்கிறார்களா, நிலத்தைச் சீர்செய்யும் பிணைத்தொகை கட்டியிருக்கிறார்களா என்று அந்தப் பகுதி அலுவலகத்தில் விசாரியுங்கள். செய்யாமல் விட்ட சீரமைப்பு உங்கள் தலையில் வந்து விடியலாம்.

8. விலை பேசும்போது

காலியாகக் கிடக்கும் அரசு நிலத்தில் நீங்களே புதுக் கிளெய்ம் போட்டால் பி.எல்.எம்முக்கு ஆவது: பதிவுச் செயல்பாட்டுக் கட்டணம் சுமார் 25 டாலர், லொகேஷன் கட்டணம் 49, முதல் ஆண்டு மெயின்டனன்ஸ் (கிளெய்மை நடப்பில் வைத்திருக்கும் ஆண்டுக் கட்டணம்) 200. மொத்தம் 275 டாலருக்குள். அதோடு கவுண்டிக் கட்டணம் கொஞ்சம். ஆகவே விற்பவர் கேட்கும் ஆயிரங்கள் வெறும் காகிதத்துக்கு அல்ல, நிரூபிக்கப்பட்ட கல்லுக்கும் போய்ச்சேரும் பாதைக்கும்தான் என்று நீங்கள் நம்ப வேண்டும். அந்த இரண்டும் இல்லாத கிளெய்முக்கு நான் 500 டாலருக்கு மேல் கொடுக்க மாட்டேன்.

தவணையில் கொடுக்கிறோம் என்று சொல்பவர்கள் உண்டு. தவணை முடியும்வரை கிளெய்ம் அவர் பெயரில் இருக்கும், நடுவில் அவர் செப்டம்பர் கட்டணத்தைக் கட்டாமல் விட்டால் உங்கள் தவணைகள் எல்லாம் காற்றில். தவணைதான் ஒரே வழி என்றால், ஆண்டுக் கட்டணத்தை நீங்களே நேரடியாகக் கட்டும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். டீடை எஸ்க்ரோவில், அதாவது பணம் முடியும்வரை வைத்திருக்கும் நடுநிலையான மூன்றாம் ஆளிடம், வைக்கச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் மாதத்தில் திடீரென்று மலிவாக வரும் விளம்பரங்கள் பல, வரும் கட்டணத்தை வாங்குகிறவர் தலையில் கட்டுவதற்காகத்தான். வாங்கக் கூடாது என்றில்லை, 200 டாலரை விலையில் கழித்துப் பேசுங்கள், செப்டம்பர் 1-க்கு முன் நீங்களே கட்டிவிடுங்கள்.

9. டீடும் பெயர் மாற்றமும்

கைமாற்றுவதற்கான காகிதம் பெரும்பாலும் குவிட்கிளெய்ம் டீட். "எனக்கு என்ன உரிமை உண்டோ அதைத் தருகிறேன்" என்பதுதான் அதன் அர்த்தம், உரிமை உண்டு என்று அது உத்தரவாதம் தராது. அதனால்தான் 4, 5, 6-ஐ அவ்வளவு விரிவாகச் சொன்னேன். டீடில் கிளெய்மின் பெயர், பி.எல்.எம் எண், கவுண்டிப் பதிவு எண், டவுன்ஷிப்-ரேஞ்ச்-செக்‌ஷன் எல்லாம் இருக்க வேண்டும். உரிமையாளர்கள் அத்தனை பேரும் நோட்டரி முன்னால் கையெழுத்திட வேண்டும்.

முதலில் அதைக் கவுண்டியில் பதியுங்கள். கூடவே மதிப்பு அறிவிப்புப் படிவம் கேட்பார்கள். பேட்டன்ட் ஆகாத கிளெய்முக்கு நெவாடாவில் சொத்துக் கைமாற்று வரி கிடையாது, படிவத்தில் அந்த விலக்கைக் குறிப்பிடுங்கள். கவுண்டிக் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும், போன் செய்து கேட்டுவிட்டு அனுப்புங்கள், தொகை குறைந்தால் காகிதத்தையே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பதிந்த டீடின் நகலை 60 நாளுக்குள் பி.எல்.எம் மாநில அலுவலகத்துக்குக் கைமாற்று அறிவிப்பாகக் கொடுங்கள். கட்டணம் ஒரு கிளெய்முக்கு இருபது டாலருக்குள்தான். இதைச் செய்யாவிட்டால் பி.எல்.எம்மின் கடிதங்கள் எல்லாம் பழைய உரிமையாளர் வீட்டுக்குத்தான் போகும். அவர் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்.

10. ஆண்டுக் காலண்டர்: இங்கேதான் பெரும்பாலான கிளெய்ம்கள் சாகின்றன

செப்டம்பர் 1. இந்தத் தேதிக்குள் ஒவ்வொரு லோட் கிளெய்முக்கும் 200 டாலர் மெயின்டனன்ஸ் கட்டணம் பி.எல்.எம்முக்குப் போக வேண்டும். இணையத்திலேயே கட்டலாம். அஞ்சலில் அனுப்பினால் தபால் முத்திரை கெடு தேதிக்குள் இருந்து, 15 நாளுக்குள் போய்ச்சேர வேண்டும். நான் சொல்வேன், ஜூலையிலேயே கட்டிவிடுங்கள், ரசீதை அச்செடுத்து வையுங்கள்.

நாடு முழுக்க உங்களுக்கும் உங்களோடு தொடர்புடையவர்களுக்கும் சேர்த்து 10 அல்லது அதற்குக் குறைவான கிளெய்ம்கள் என்றால் ஸ்மால் மைனர் (சிறு சுரங்கக்காரர்) விலக்கு கேட்கலாம். அதற்கான படிவமும் அதே செப்டம்பர் 1-க்குள். விலக்கு என்றால் இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள்: கட்டணத்துக்குப் பதிலாக அந்த ஆண்டில் கிளெய்ம் ஒன்றுக்கு 100 டாலர் மதிப்புள்ள வேலை அங்கே நடந்திருக்க வேண்டும், அதற்கான அஃபிடவிட் டிசம்பர் 30-க்குள் பி.எல்.எம்முக்குப் போக வேண்டும், சிறு கட்டணத்தோடு. கட்டணம் கட்டிய ஆண்டிலிருந்து விலக்குக்கு மாறும் முதல் முறை, வேலை அஃபிடவிட்டுக்குப் பதிலாகக் கிளெய்மைத் தொடர்ந்து வைத்திருக்கிறேன் என்ற அறிவிப்பு.

கவுண்டிக்குத் தனி. மத்தியக் கட்டணம் கட்டியவர்கள் கிளெய்மைத் தொடர்ந்து வைத்திருக்கும் எண்ணத்தைச் சொல்லும் அஃபிடவிட்டை நவம்பர் 1-க்குள் ரெக்கார்டரிடம் பதிய வேண்டும். பி.எல்.எம்முக்குக் கட்டிவிட்டோமே என்று இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

விலக்கில் இருக்கும் கிளெய்மை வாங்குகிறவர்கள் கவனியுங்கள். அக்டோபரில் வாங்கினால், விற்றவர் முடிந்த ஆண்டின் வேலைக்கு டிசம்பர் 30-க்குள் அஃபிடவிட் கொடுத்தாரா என்பது உங்கள் தலைவலி. பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே அதைத் தாக்கல் செய்த நகலைக் கேளுங்கள். எல்லாவற்றையும்விட எளிய வழி, முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் விலக்கே வேண்டாம், 200 டாலரைக் கட்டிவிட்டு நிம்மதியாகக் கல்லைத் தேடுங்கள்.

11. தோண்டத் தொடங்கும்போது

சுத்தியல், உளி, கடப்பாரை, மண்வெட்டி, சல்லடை: இவற்றோடு நின்றால் அது சாதாரணப் பயன்பாடு, பி.எல்.எம்முக்குத் தெரிவிக்கவே வேண்டாம். சின்னக் கிளெய்முக்கு இது போதும், நரம்புக்கல்லுக்குக் கை வேலைதான் நல்லதும்கூட, எந்திரம் கல்லை நொறுக்கிவிடும்.

மண் தோண்டும் எந்திரமோ வெடியோ என்றால் நிலை மாறுகிறது. 5 ஏக்கருக்குள் நடக்கும் ஆய்வுத் தோண்டலுக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், பி.எல்.எம் அதைப் பார்க்க 15 நாள் எடுத்துக்கொள்ளும், சீரமைப்புக்கான பிணைத்தொகையைக் கட்டிய பிறகே தொடங்கலாம். நோட்டீஸ் இரண்டு ஆண்டுக்குச் செல்லும். முழுமையான சுரங்க வேலை என்றால் செயல்திட்டம், சுற்றுச்சூழல் ஆய்வு என்று போகும். அது மாதக்கணக்கான விஷயம், செலவும் அப்படி. முதல் கிளெய்மில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

தங்குவதற்கும் வரம்பு இருக்கிறது. 90 நாள் காலத்தில் 14 நாளுக்கு மேல் கிளெய்மில் தங்க வேண்டுமானால் பி.எல்.எம்மின் ஒப்புதல் வேண்டும். டிரெய்லரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வருவது, கொட்டகை போடுவது, கேட் வைப்பது எல்லாம் இதே விதிக்குள் வரும், ஒப்புதல் இல்லாமல் செய்தால் அகற்றச் சொல்லி உத்தரவு வரும்.

எடுத்த கல்லுக்கு மத்திய அரசுக்கு ராயல்டி எதுவும் கிடையாது. விற்றால் வரும் வருமானத்துக்கு மத்திய வருமான வரி உண்டு, ஆகவே பெட்ரோல், கருவி, கட்டணம் எல்லாவற்றின் ரசீதையும் முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். அதே கோப்பில் டீட் நகல், பி.எல்.எம் ரசீதுகள், கவுண்டி முத்திரை பதிந்த அஃபிடவிட்டுகள், மூலைக்கம்பங்களின் ஜி.பி.எஸ் எண்கள், ஒவ்வொரு கம்பத்தின் தேதியிட்ட படம். போகும்போதெல்லாம் கம்பங்களைப் பார்த்து, விழுந்ததை நட்டு, புதுப்படம் எடுத்துச் சேருங்கள். பக்கத்தில் யாராவது புதுக் கம்பம் நட்டிருந்தால் அதன் நோட்டீஸையும் படம் பிடித்துவிட்டு, அந்த வாரமே கவுண்டியில் விசாரியுங்கள்.